எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடுகள்: வைரஸ் நோயா, செடியைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். நான் பிடுங்கியவன், அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

உங்களுடையதும் மொட்டைமாடித் தொட்டிச் செடியாகத்தான் இருக்கும். துளிர்விட்ட வேகத்தில் நத்தை ஊர்ந்ததுபோல் கோடு விழுந்து, இலை சுருண்டிருக்கும். மடிப்பாக்கத்தில் எங்கள் மாடியிலும் அதே கதைதான். செடி விற்றவர் படத்தைப் பார்த்ததுமே, "வைரஸ் சார், மற்ற செடிக்கும் பரவிவிடும்" என்றார். காய்க்கத் தொடங்கியிருந்த மூன்று வருடச் செடியைக் குப்பை வண்டியில் போட்டேன்.

அடுத்த செடியிலும் கோடு வந்தபோதுதான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன். வெள்ளிக் கோட்டின் நடுவே கறுப்பு நூல்போல் ஓடியது, புழுவின் எச்சம். கோடு முடியும் இடத்தில், இலைத் தோலுக்கு அடியில், காலில்லாத மஞ்சள்பச்சைப் புழு. இலையோரம் மடிந்திருந்தால் உள்ளே கூட்டுப்புழு. அப்படி ஓர் இலையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டினேன். எட்டாம் நாள் கண்ணாடியில் ஒன்று ஒட்டியிருந்தது. நொய்யில் பாதிதான் இருக்கும். வெள்ளி நிறம், இறக்கை நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. மனைவி தூசி என்று துடைக்கப் போனாள்.

இதுதான் எலுமிச்சை இலைத்துளைப்பான் என்ற குட்டி அந்துப்பூச்சி; அறிவியல் பெயர் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. 'வெளிநாட்டுப் பூச்சி' என்று எங்கள் குடியிருப்பில் ஒருவர் அடித்துப் பேசுகிறார். 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் இதற்குப் பெயரிட்டதே கல்கத்தாவில் பிடித்த பூச்சியை வைத்துத்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1993-இல்தான் கண்டார்கள்.

தக்காளி, தட்டைப்பயறு இலைகளில் வரும் கோடு பெரும்பாலும் ஈயின் வேலை, குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் வங்கியில் வேலை பார்த்தவன். வேளாண்மை படித்தவர்கள் திருத்தலாம், ஆனால் கிண்டல் வேண்டாம்.

முற்றிய இலையை இது தொடாது. துளிர் விடும்போது மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். கோடு விழுந்த இலையையெல்லாம் கிள்ளி எறியாதீர்கள், மீதிப் பச்சை செடிக்கு உதவும். துளைத்த இடத்தில் சொறிநோய் என்ற பாக்டீரியா நோய் புகலாம், அதை மட்டும் கவனியுங்கள்.

பொழுது சாய்ந்தபின் இது முட்டையிட வருவதைப் பார்க்க எனக்கு ஆசை. சங்கச் செயலாளர் ஆறு மணிக்கே மாடிக் கதவைப் பூட்டிவிடுகிறார். பாதுகாப்பாம். அவர் வீட்டு வேட்டி மட்டும் விடிய விடிய அங்கேதான் காய்கிறது.