குடியிருந்துகொண்டே பழைய வீட்டைப் புதுப்பிப்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நான் திருச்சியில் சிவில் இன்ஜினியர். பழைய வீடுகளை எடுத்துச் சரிசெய்து கொடுப்பதுதான் என் வேலை, அதிலும் பெரும்பாலும் ஆட்கள் உள்ளே குடியிருக்கும்போதே செய்வது. முதல் வீடு வாங்கிய பலருக்கு வாடகையும் இஎம்ஐயும் சேர்த்துக் கட்ட முடிவதில்லை, அதனால் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டு, சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் சோறு சாப்பிடுகிறார்கள். அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, உறையூரில் 1990 வாக்கில் கட்டிய தனி வீடு. வாடகை வீட்டைக் காலி செய்து வந்துவிட்டோம். முதலில் ஹாலுக்கு டைல்ஸ் போட்டுவிடலாம், பார்க்க வீடு மாதிரி இருக்கும் என்கிறார் மேஸ்திரி. எதில் ஆரம்பிப்பது?

ஹால் டைல்ஸ் கடைசிக்குப் பக்கத்தில் வர வேண்டிய வேலை. மொட்டை மாடியில் ஆரம்பியுங்கள். தட்டோடு எங்கே விரிந்திருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்த பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டதும் கீழே பார்த்த பட்டியும் பெயின்ட்டும் உரிந்து வரும். அப்புறம் இடிக்க வேண்டியது எதுவோ அதை மொத்தமாக இடித்து ரப்பிஷை வெளியேற்றிவிடுங்கள். அதன் பிறகு ஒயரிங், பைப், பூச்சு, பாத்ரூம், தரை, ஆசாரி வேலை, கடைசியாகப் பெயின்ட்.

உங்கள் வீட்டு வயதுக்கு ஒயரிங்கை முழுசாக மாற்றச் சொல்வேன். அன்று ஒரு ஃபேன், நாலு லைட், ஒரு டிவி. இன்று இரண்டு ஏசி, கீசர், இண்டக்‌ஷன். லைட் லைனுக்கு 1.5, பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று பிரித்து இழுக்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். எம்சிபி (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) ஒயரைக் காப்பாற்றும், ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபிதான். ஈரச் சுவரும் டிரில்லிங் மெஷினும் குழந்தைகளும் ஒரே வீட்டில் இருக்கும் இந்த மாதங்களில் அதை முதல் வாரமே மாட்டிவிடுங்கள், முழு ஒயரிங் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கையில் இருக்கும் காசு முதலில் சுவருக்குள் மறையப்போகிற வேலைகளுக்குப் போகட்டும். டைல்ஸை அடுத்த வருடம்கூடப் போட்டுக்கொள்ளலாம். டைல்ஸ் போட்ட பிறகு பைப் ஒழுகினால் இரண்டையும் சேர்த்து உடைக்க வேண்டும்.

ஒரே ஒரு பாத்ரூம்தான் இருக்கிறது. அதை உடைத்தால் நாங்கள் என்ன செய்வது?

அந்த நாட்களுக்கு மட்டும் உறவினர் வீட்டுக்குப் போங்கள், அல்லது கொல்லைப்புறத்தில் தற்காலிகமாக ஒரு கக்கூஸை முதலில் கட்டிக்கொண்டு அப்புறம் உள்ளே உடையுங்கள். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உடைப்பது, பைப் பதிப்பது, பிரஷர் டெஸ்ட், வாட்டர் புரூஃபிங், தண்ணீர் கட்டிப் பார்ப்பது, டைல்ஸ், அது காய்வது என்று எல்லாம் முறையாக நடந்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாது. அவசரப்படுத்தினால் அவர்கள் விடப்போவது வாட்டர் புரூஃபிங்கும் தண்ணீர் கட்டுவதும்தான், ஏனென்றால் அவை இரண்டும்தான் கண்ணுக்குத் தெரியாதவை.

சமையலறை வேலை ஒரு மாதம் ஆகுமாம். ஹாலில் ஸ்டவ் வைத்துச் சமைக்கலாமா? மாமியாருக்குச் சர்க்கரை, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது.

சமைக்கலாம், ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஸ்டவ் அதைவிட உயரத்தில் ஒரு மேஜைமேல் இருக்க வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் தரை தோண்டிக் கிடக்கும் அறைக்குப் பக்கத்திலும், வெல்டிங் அல்லது கட்டிங் நடக்கும் நாளில் அதே அறையிலும் சமையல் கூடாது. பின்பக்க வராந்தா இருந்தால் அதுதான் நல்ல இடம். காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே மதியச் சாப்பாட்டையும் முடித்து, மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்துப் படுக்கையறையில் வைத்துவிடுங்கள். அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாமும் அங்கேதான். தூசி வேறு எங்கும் நுழையாமல் இருக்காது.

பழைய ஜன்னல்களில் பெயின்ட் உரிகிறது. பெயின்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசு அடிக்கிறேன் என்கிறார். இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். தூசிக்கு மாஸ்க் போதுமா?

போதாது. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. நம் ஊரில் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் பெயின்ட்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. பழைய ஜன்னலில் அடுக்கடுக்காக நாலைந்து பூச்சு இருக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அது மாவாகப் பறந்து தரையில் படியும், குழந்தை தரையில் கை வைத்து அந்தக் கையை வாயில் வைப்பான். சின்னக் குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

எனவே மெஷின் போட்டுத் தேய்க்கவோ நெருப்புக் காட்டிச் சுரண்டவோ விடாதீர்கள். நன்றாகப் பிடித்திருக்கும் பெயின்ட்டை அப்படியே விட்டு மேலே அடிக்கலாம். உரிகிற இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டி, கீழே பாலிதீன் விரித்து, விழுந்ததைச் சுருட்டிக் கட்டி எடுத்துவிட்டு, தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு தடவை துடைக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நாள் பையனும், வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவரும், வேறு வீட்டில் இருக்கட்டும். வேலை செய்பவருக்கும் நல்ல மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டு செய்வது அவருக்கும் ஆகாது.

கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தாலும் இதே கவனம் வேண்டும். உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்தால் வீடு பெரிசாகத் தெரியும். 9 அங்குலச் சுவர். எடுக்கலாமா மேடம்?

பில்லர் போடாமல் கட்டிய வீட்டில் 9 அங்குலச் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. நேரில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து, பீம் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம். நாலரை அங்குலச் சுவர் என்றாலும் கேட்டுவிட்டுத்தான்.

சுவரில் ஓதம். பட்டி பொரிந்து உதிர்கிறது. டேம்ப் புரூஃப் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை அடித்தாலும் நிற்காது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடிவரை வரிசையாகப் பொரிந்திருந்தால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. நடுச்சுவரில் ஒரு திட்டாக இருந்து பின்னால் பாத்ரூம் இருந்தால் பைப். மேலேயிருந்து இறங்கினால் மாடி. சந்தேகமாக இருந்தால், ஓர் அடிக்கு ஓர் அடி கண்ணாடி பாலிதீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக்குள் காற்றோட்டம் இல்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்பு ஏறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை எடுத்துவிட்டு, ஈரம் வரும் வழியை அடைத்து, காயவிட்டுத்தான் மறுபூச்சு. அந்தப் பூச்சுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுங்கள். கான்கிரீட் வேலை என்றால் பிபிசி சிமென்ட்டுக்கு (ஃப்ளை ஆஷ் சாம்பல் கலந்தது) 10 நாள்.

மேஸ்திரி பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். வேலையைப் பிரித்து எழுதி, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கொடுங்கள், கடைசிப் பத்து சதவீதம் எல்லாம் சரிபார்த்த பிறகு. ஆனால் சனிக்கிழமை கூலியைத் தாமதிக்காதீர்கள். சித்தாளுக்கு அன்று மாலை கைக்கு வந்தால்தான் அடுத்த வாரச் செலவு. இடையில் சேரும் எக்ஸ்ட்ரா வேலையை அன்றைக்கே தொகையோடு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சண்டை எல்லாம் அங்கேதான் வருகிறது. இன்னொன்று: சுவரைப் பூசி மூடும் முன் பைப்பும் கான்டியூட்டும் (ஒயர் போகும் குழாய்) போகும் பாதையில் டேப்பைப் பிடித்து வைத்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னாளில் அலமாரி மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம் வேண்டும்.

பாட்டி காலத்து ரெட் ஆக்சைடு தரை, அங்கங்கே மங்கிவிட்டது. உடைத்து விட்ரிஃபைடு டைல்ஸ் போடச் சொல்கிறார்கள்.

வெடிப்பு இல்லையென்றால் தயவுசெய்து உடைக்காதீர்கள். நன்றாகக் கழுவி, பாலிஷ் போடுபவரை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இன்று அந்த மாதிரித் தரை போடத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்.

நாலு மாதமாகத் தூசியில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் தினமும் சண்டை. வீடே வேண்டாம் போலிருக்கிறது.

எல்லா அறையையும் ஒரே சமயத்தில் திறந்து போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மற்ற வேலையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, படுக்கையறையை மட்டும் பெயின்ட், ஃபேன், திரைச்சீலை வரை முடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கதவுக்கு அடியில் ஈரத்துணி. செருப்பும் சாமானும் அதற்குள் வரவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம், டைல்ஸ் கடைக்கும் போக வேண்டாம். கணக்கு பேசுவதற்கு வாரத்தில் ஒரு மாலை வைத்துக்கொள்ளுங்கள், இரவு பதினொரு மணிக்குப் பேசாதீர்கள்.

ரிப்பேருக்கு வாங்கிய கடனுக்கு வரிச் சலுகை உண்டா?

சொந்தக் குடியிருப்புக்குப் பழைய வரி முறையில் வட்டிக்கு வருடம் 30,000 ரூபாய் வரை. புதிய முறையில் கிடையாது.

அக்கா, சென்னையில் இரண்டாவது மாடி ஃப்ளாட். நாளை பாத்ரூம் வாட்டர் புரூஃபிங் முடிகிறது. உடனே டைல்ஸ் போடலாம் என்கிறார்கள்.

முதலில் பூச்சு காயட்டும், எத்தனை நாள் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அப்புறம் தரைக்குழாயைத் துணி வைத்து அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 48 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, அவர்கள் பாத்ரூம் சீலிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள், முக்கியமாகப் பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி. கோடும் இறங்காமல் சீலிங்கும் காய்ந்திருந்தால் டைல்ஸ் போடலாம். ஈரமாகத் தெரிந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.