கிராமத்துப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கும் மனநல உதவிக்கும் எங்கே போவது?

ஈராசிரியர் பள்ளி, ஊரில் சிக்னலும் சரியில்லை, என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள்.

ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர்தான் ஐந்து வகுப்பையும் சமாளிக்க வேண்டும். அதனால் இருந்த இடத்தில் படிக்க முடிவதை முதலில் பாருங்கள். 2017-ல் மத்திய அரசு இணையத்தில் கொண்டுவந்த தீக்‌ஷா தளத்தில் ஆசிரியர் பயிற்சிப் பாடங்கள் இலவசம். வீடியோக்களைச் செயலியிலேயே இறக்கி வைக்கலாம். ஒன்றிய அளவில் ஆசிரியர் பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்துக்குப் போகும் நாளில், சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு, ராத்திரி வீட்டில் நிதானமாகப் பாருங்கள்.

ஆனால், வகுப்பறைக்கு உதவுவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம்தான், அதிலும் டீ இடைவேளை. 2022-ல் தமிழக அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கிய பிறகு, கற்றல் அளவைப் பொறுத்து அரும்பு (தொடக்கம்), மொட்டு (நடு), மலர் (முன்னேறியது) என மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில். மலர் பிள்ளையை அரும்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன் என்று பக்கத்து ஊர் டீச்சர் சொல்வார் பாருங்கள், அது எந்தக் கையேட்டையும்விட மறுநாளே கைகொடுக்கும். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அப்புறம் மனசு. தூக்கம் கெட்டு, பிள்ளைகள்மேல் காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சாதாரண போன் போதும், இணையம் வேண்டாம்.