அப்பாவின் ஆங்கில இலக்கண நூல் மகளுக்கு உதவுமா?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் ஆங்கிலப் பாடநூலில் இலக்கணம் சின்னச் சின்னப் பெட்டிகளில்தான் வருகிறது. என் அப்பா படித்த ‘ரென் அண்ட் மார்ட்டின்’ பீரோவில் இருக்கிறது. அதை வைத்தே சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள்.

1930களில் வந்த அந்த நூலுக்குப் பிழையின்றி எழுதுவதே குறி. ஒவ்வொரு சொல்லிடமும் குலம் கோத்திரம் விசாரிக்கும். பேச வருகிறதா என்று கேட்காது.

1950களில் சென்னை மாநிலத்துக்கு வாக்கிய அமைப்புகளை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் வந்தது. ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக்காட்டி ‘திஸ் இஸ் எ புக்’ என்பார். வகுப்பே திருப்பிச் சொல்லும். அமைப்பு நாக்கில் படிந்தது. ஆனால் எதிரில் இருப்பது புத்தகம் என்று எல்லோருக்கும் தெரியும்போது, அதைச் சொல்ல வேண்டிய தேவைதான் யாருக்கும் இல்லை!

அந்தத் தேவையை வகுப்புக்குள் கொண்டுவந்தவர் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த அவரது பெங்களூர்த் திட்டத்தில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பார்கள். விடை தேடும் மும்முரத்தில் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. ‘பக்கத்தில் இருப்பவரோடு பேசுக’ என்று சொல்லும் இன்றைய பாடநூல்கள் இந்தச் சிந்தனைக்கு உறவுதான். பேச்சுக்கு இடம் விட்டதில் இலக்கணப் பயிற்சி குறைந்துபோனது. உங்கள் பழைய நூல் கைகொடுப்பது அங்கேதான்.

மகளின் கட்டுரை நோட்டைப் புரட்டி, சிவப்பு மை அடிக்கடி விழும் இடத்தைப் பாருங்கள். ‘ஷி கோ டு ஸ்கூல்’ என்று எழுதுகிறாளா? எழுவாய்க்கும் வினைக்குமான பொருத்தத்தைச் சொல்லும் அத்தியாயத்தை மட்டும் எடுங்கள். பத்து வாக்கியம் எழுதட்டும். பிறகு நூலை மூடிவிட்டு, பாட்டி காலையிலிருந்து இரவுவரை என்னென்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஷி’ வரும்போதெல்லாம் வினையில் ‘எஸ்’ வந்தாக வேண்டும். எழுத்தில் சரியாக வந்தது பேச்சில் நழுவும். மறுநாள் மீண்டும் கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் போதும்.

‘ஷல்’, ‘வில்’ வேறுபாட்டைத் தாண்டிவிடலாம். ‘ஐ ஷல்’ என்று இன்று சொல்பவர்கள் குறைவு. கடித மாதிரிகளும் வேண்டாம். விடைகள் தனி நூலாக விற்கின்றன. வாங்கினால், அதை மட்டும் பீரோவிலேயே பூட்டி வையுங்கள்.