பூட்டான் உலகத்துக்கு முன்னாடி தன்னை எப்படி காட்டிக்குது? உங்க கேள்விகளும் என் பதில்களும்

பூட்டானோட கலாச்சாரம், வெளியுறவு பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன். நான் தபால் தலை சேர்க்கிறவன், அந்த வழியாத்தான் இந்த நாட்டு மேல ஆர்வம் வந்து அதோட சரித்திரத்தையும் வெளியுறவையும் வருஷக்கணக்கா படிச்சிட்டு இருக்கேன்.

கேள்வி: அண்ணா, எட்டு லட்சம் பேர் கூட இல்லாத நாடு. எங்க போனாலும் எங்க உடுப்பு, எங்க கலாச்சாரம்னு ஏன் இவ்ளோ மெனக்கெடுறாங்க?

பயம்தான் தம்பி, அதுவும் நியாயமான பயம். வடக்கே திபெத்துக்கு என்ன ஆச்சுன்னு 1959ல பார்த்தாங்க, தலாய் லாமாவே இந்தியாவுக்கு தப்பிச்சு வந்தாரு. மேற்கே சிக்கிம், அதுவும் பௌத்த ராஜ்யம், 1975ல இந்தியாவோட ஒரு மாநிலமாயிடுச்சு. பக்கத்து வீடு ரெண்டும் இப்படி ஆனப்புறம் நடுவுல இருக்கிறவங்களுக்கு தூக்கம் வருமா? ராணுவத்தை வச்சு சமாளிக்க முடியாது, பணமும் கிடையாது. அப்போ நாங்க தனி நாடு, தனி மக்கள்னு உலகம் பார்த்த உடனே புரிஞ்சுக்கிற மாதிரி இருக்கணும், அதுக்கு அவங்க கையில இருந்தது உடுப்பு, கோட்டை மாதிரி இருக்கிற ஜோங், பிக்குகள் முகமூடி போட்டு ஆடுற சாம் நடனம், மொழி இதெல்லாம்தான். 1962ல ஆசிய நாடுகளோட வளர்ச்சிக்கு உதவுற கொழும்பு திட்டத்துல சேர்ந்தாங்க, 1969ல உலக தபால் ஒன்றியம், 1971ல ஐ.நா. வரிசையை கவனிங்க, ஐ.நா.வுக்கு முன்னாடியே தபால் ஒன்றியம்!

கேள்வி: சார், பூட்டான் தபால் தலையில பாட்டு கேக்கும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம். இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டிதான் சொல்வேன். மூணாவது அரசர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் காலத்துல 1962ல பூட்டானோட முதல் தபால் தலைகள் வந்துச்சு. இந்த வேலையை நடத்தினவரு பர்ட் டாட்னு ஒரு அமெரிக்கர், அரசி கேசாங்கோட ஆக்ஸ்ஃபோர்டு நாள் நண்பர். சாதாரணமா அச்சடிச்சு வித்தா யாரும் திரும்பி பார்க்க மாட்டாங்கன்னு 1967ல முப்பரிமாண தபால் தலை, 1969ல ஸ்டீல் தகடுலயே தபால் தலை, 1973ல ரோஜா வாசனை அடிக்கிறது, அதே வருஷம் இந்த ரிகார்ட் தபால் தலை. உள்ளங்கையில அடங்குற வட்டமான பிளாஸ்டிக் தட்டு, பின்பக்கம் பேப்பரை உரிச்சா பசை, கவர்ல ஒட்டி அனுப்பலாம், இல்ல அப்படியே ரிகார்ட் பிளேயர்ல வச்சு ஊசியை இறக்கினா தேசிய கீதமோ நாட்டுப்புற பாட்டோ பூட்டான் சரித்திரமோ கேக்கும். அப்போ தபால் தலை சேர்க்கிற பெரிய மனுஷங்க பல பேர் இதை குப்பைன்னு ஒதுக்கினாங்க, இப்போ அதுக்கே நல்ல விலை.

வெளியாட்கள் உள்ள வர்றதே அபூர்வமா இருந்த காலம் அது, வெளிநாட்டுல தூதரகம்னு சொல்லிக்க ஒண்ணு ரெண்டு கூட தேறாது. ஆனா அமெரிக்காவுலயும் ஜெர்மனியிலயும் ஒரு பள்ளிக்கூட பையனோட ஆல்பத்துல பூட்டான்ங்கிற பேர் உட்கார்ந்திருந்துச்சு. தூதர் போக முடியாத வீட்டுக்குள்ள தபால் தலை போச்சு. இதை விட கெட்டிக்காரத்தனமான ராஜதந்திரம் ஒரு சின்ன நாடு செஞ்சு நான் படிச்சதில்ல.

கேள்வி: மொத்த தேசிய மகிழ்ச்சின்னு சொல்றது வெறும் விளம்பரம் தானே ப்ரோ?

இல்லைங்க, விளம்பரமாவும் பயன்பட்டுச்சு, அது வேற. நாட்டோட வளர்ச்சியை பணத்தை மட்டும் வச்சு அளக்காம, மக்கள் நிம்மதியா இருக்காங்களான்னு பார்க்கணும்ங்கிற யோசனை இது. நாலாவது அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970கள்லயே சொன்னது, 2008 அரசியல் சட்டத்துலயும் இருக்கு, 9 பிரிவு 33 குறியீடுன்னு போட்டு வீடு வீடா போய் கேட்டு கணக்கும் எடுக்கிறாங்க. உலக மேடைக்கு கொண்டு போனது பிரதமர் ஜிக்மே தின்லே காலத்துல. 2011 ஜூலையில ஐ.நா. பொதுச்சபை, வளர்ச்சியில மகிழ்ச்சியையும் கணக்குல எடுக்கணும்னு பூட்டான் கொண்டு வந்த தீர்மானத்தை ஏத்துக்கிச்சு, 2012 ஏப்ரல்ல நியூயார்க்ல பெரிய கூட்டம், அதுக்கப்புறம் மார்ச் 20 சர்வதேச மகிழ்ச்சி தினம் ஆச்சு. ஐ.நா.வுல எந்த பெரிய நாட்டையும் பகைச்சுக்காம ஒரு சின்ன நாடு தன்னோட சொந்த யோசனையை எல்லார் காலண்டர்லயும் ஏத்திடுச்சுன்னா சும்மா இல்ல.

ஆனா 2013ல பிரதமரான ஷெரிங் தோப்கே, வெளியில மகிழ்ச்சி பத்தி பேசுறதை குறைச்சுட்டு கடனையும் வேலையில்லா திண்டாட்டத்தையும் பார்ப்போம்னு வெளிப்படையாவே சொன்னாரு. இப்போ படிச்ச இளைஞர்கள் கூட்டம் கூட்டமா ஆஸ்திரேலியா போறாங்க. வெளியில காட்டுற படத்துக்கும் உள்ள இருக்கிற வாழ்க்கைக்கும் தூரம் இருக்கு, அதை அவங்க அரசாங்கமே மறைக்கல.

கேள்வி: நேபாளி பேசுற பூட்டான்காரங்களை விரட்டினதை பத்தி யாருமே பேச மாட்டேங்கிறீங்களே?

பேசித்தான் ஆகணும், கேட்டதுக்கு நன்றி. தெற்குல வாழ்ந்த லோட்சாம்பா மக்கள் இவங்க. 1985 குடியுரிமை சட்டம், 1988 கணக்கெடுப்பு, 1989ல எல்லாரும் கோ (ஆம்பளைங்க அங்கி), கிரா (பொம்பளைங்க உடுப்பு) தான் உடுத்தணும்னு திக்லம் நம்ஷாங்கிற நடை உடை ஒழுங்கு உத்தரவு, பள்ளிக்கூடத்துல நேபாளி பாடத்தை எடுத்தது, 1990ல போராட்டம், அடக்குமுறை. அதனால நாட்டை விட்டு வெளியேறின லட்சத்துக்கு மேல ஆளுங்க கிழக்கு நேபாள அகதி முகாம்கள்ல வருஷக்கணக்கா கிடந்தாங்க. 2007 கடைசியில இருந்து எட்டு நாடுகள்ல குடியேத்தினாங்க, பெரும்பாலானவங்க அமெரிக்கா.

முதல் கேள்வியில நான் சொன்ன அதே பயம்தான் இங்கயும் வேலை செஞ்சுச்சு. வெளியில நாட்டை காப்பாத்தின உடுப்பு உள்ள ஒரு பெரிய ஜனக்கூட்டத்தை அந்நியமாக்கிடுச்சு. பூட்டானை ரொம்ப நேசிக்கிறவன்தான் நான், ஆனா இதுக்கு சமாதானம் சொல்ல மாட்டேன், அது அநியாயம்.

கேள்வி: அமெரிக்கா, சீனாவோட தூதரக உறவே இல்லையாமே? பகையா?

பகை இல்லக்கா, ஜாக்கிரதை. ஐ.நா. பாதுகாப்பு சபையோட அஞ்சு நிரந்தர உறுப்பினர்கள் (அமெரிக்கா, சீனா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ்) யாரோடயும் முறையான தூதரக உறவு வேண்டாம்ங்கிறது அவங்களோட நெடுநாள் கொள்கை. ஒரு பெரியவரை உள்ள விட்டா இன்னொருத்தரும் கதவை தட்டுவாரு. அமெரிக்காவோட பேச்சுவார்த்தையெல்லாம் டெல்லி வழியா நடக்கும். சீனாவோட எல்லை பேச்சு 1984ல இருந்து ஓடுது. 2017ல, பூட்டானும் சீனாவும் உரிமை கொண்டாடுற டோக்லாம் பீடபூமியில இந்தியா சீனா ராணுவம் ரெண்டு மாசத்துக்கு மேல எதிரெதிரா நின்னப்போ, பூட்டானோட சொந்த பிரச்சனை அது, ஜூன் 29 அன்னிக்கு ஒரு அறிக்கை விட்டுட்டு அமைதியாயிட்டாங்க. இந்தியாவோட 1949 ஒப்பந்தத்துல வெளியுறவுல இந்தியாவோட ஆலோசனைப்படி நடக்கணும்னு இருந்ததை 2007ல மாத்தி எழுதினாங்க, அதையும் சத்தமே இல்லாம செஞ்சாங்க.

கேள்வி: ஜப்பான்காரங்களுக்கு பூட்டான் மேல ஏன் இவ்ளோ பாசம்?

ரெண்டு ஆளுங்களால. ஒருத்தர் நிஷியோகா கெய்ஜி, 1964ல பாரோ பள்ளத்தாக்குக்கு விவசாயம் சொல்லிக்கொடுக்க வந்தவரு, கோ உடுத்திக்கிட்டு அங்கயே வயல்ல நின்னாரு, 1980ல அரசர் அவருக்கு தாஷோங்கிற பெரிய கௌரவ பட்டம் கொடுத்தாரு, 1992ல இறக்கிற வரைக்கும் பூட்டான்லயே இருந்தாரு.

இன்னொருத்தர் இப்போதைய அரசர் ஜிக்மே கேசர். 2011 மார்ச்ல சுனாமி வந்த மறுநாளே திம்புவுல பிரார்த்தனை நடத்தி 10 லட்சம் டாலர் அனுப்பினாரு, பூட்டானுக்கு அது பெரிய தொகை. கல்யாணமான அடுத்த மாசம் நவம்பர்ல அரசியோட ஜப்பான் போய் பார்லிமெண்ட்ல பேசினாரு, ரெண்டு பேரும் சொந்த உடுப்புலதான். அப்புறம் ஃபுகுஷிமா பக்கம் சோமா ஊர்ல சுனாமியில அடிபட்ட பிள்ளைங்களோட பள்ளிக்கூடத்துக்கு போனாரு. டிராகனை பார்த்திருக்கீங்களா, நான் பார்த்திருக்கேன், அது உங்க எல்லாருக்குள்ளயும் இருக்கு, நீங்க அனுபவிக்கிறதை சாப்பிட்டுத்தான் வளருதுங்கிற மாதிரி பிள்ளைங்ககிட்ட பேசினாரு. டிராகன் பூட்டானோட கொடியிலயே இருக்கு பாருங்க. ஜப்பான் முழுக்க பேச்சாயிடுச்சு.

கேள்வி: புனிதமான பொருளையெல்லாம் கண்காட்சிக்கு அனுப்பினா அங்க இருக்கிற மக்களுக்கு கோபம் வராதா?

அதுக்கு அவங்க ஒரு வழி வச்சிருக்காங்க. 2008ல ஹவாயில ஹோனலூலு அருங்காட்சியகத்துல பூட்டானோட புனித கலைப்பொருட்களை வச்சப்போ கூடவே பிக்குகளையும் அனுப்பினாங்க, தினமும் பூஜை நடந்துச்சு. கண்ணாடிக்குள்ள இருந்தாலும் பூஜை நிக்காது. அதே வருஷம் வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் நாட்டுப்புற விழாவுல ஒரு முழு கோயிலையே நிறுத்திட்டாங்க, பூட்டான் தச்சர்களும் ஓவியர்களும் செஞ்சது, விழா முடிஞ்சதும் அதை டெக்சாஸ்ல எல் பாசோ பல்கலைக்கழகத்துக்கு கொடுத்துட்டாங்க. அங்கதான் ஏன்னா, அந்த பல்கலைக்கழக கட்டிடங்கள் 1917ல இருந்தே பூட்டான் பாணியில இருக்கு! 1914ல ஒரு பத்திரிகையில வந்த பூட்டான் போட்டோக்களை பார்த்து டீனோட மனைவி ஆசைப்பட்டு சொன்னது. அந்த கோயில் இன்னிக்கும் அங்க இருக்கு.

கேள்வி: டூரிஸ்ட்கிட்ட ராத்திரிக்கு இவ்ளோ காசு வாங்குறது சரியா?

எனக்கு சரின்னுதான் படுது. 1974ல நாலாவது அரசர் முடிசூட்டுக்கு வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக கட்டின தங்குமிடங்களை வச்சுத்தான் சுற்றுலாவே தொடங்குச்சு, கூட்டம் குறைவா வரணும், மதிப்பு அதிகமா இருக்கணும்ங்கிறதுதான் கணக்கு. 2022ல அரசாங்கத்துக்கு கட்டுற கட்டணத்தை ஒரு ராத்திரிக்கு 200 டாலர் ஆக்கினாங்க, ஆள் வரத்து குறைஞ்சதும் 2023ல 100 ஆக்கிட்டாங்க. இந்தியர்களுக்கு 1,200 ரூபாய்.

கேள்வி: அவ்ளோ தூரம் போக வசதியில்ல சார். பக்கத்துல எங்க பார்க்கலாம்?

புத்தகயா போனா பூட்டானோட மடாலயம் இருக்கு, சுவர்ல புத்தரோட வாழ்க்கையை மண்ணால செதுக்கி வண்ணம் தீட்டியிருப்பாங்க, நிதானமா பாருங்க. நம்மூர்ல இருந்து கிட்டக்கன்னா கர்நாடகா பைலகுப்பே நம்ட்ரோலிங் மடாலயம், மைசூர்ல இருந்து பஸ்லயே போயிடலாம். அது திபெத்திய மடாலயம்தான், ஆனா பூட்டான்ல இருந்து வந்து படிக்கிற பிக்குகள் அங்க நிறைய பேர். பேச்சு கொடுங்க, அவங்க ஊர் பேரை கேட்டு வச்சுக்கிட்டு அது மேப்ல எங்க இருக்குன்னு அங்கயே அவங்களோட சேர்ந்து தேடிப்பாருங்க.