தொகுதியே இப்ப இல்ல, அதோட தேர்தல் வரலாற்றை எங்க தேடறது? ஓல்ட்ஸ்-டிட்ஸ்பரி பத்தி ஒரு கேள்வி

கேள்வி: கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணத்துல, கால்கரிக்கு வடக்க ஓல்ட்ஸ்ங்கற சின்ன டவுன்ல குடியேறி கொஞ்ச நாள்தான் ஆகுது. பொண்ணுக்கு ஸ்கூல்ல "உங்க மாகாணத் தொகுதியோட தேர்தல் வரலாறு"ன்னு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. தேடினா ஓல்ட்ஸ், டிட்ஸ்பரி, ஓல்ட்ஸ்-டிட்ஸ்பரி, ஓல்ட்ஸ்-டிட்ஸ்பரி-த்ரீ ஹில்ஸ்னு நாலு பேர் வருது. பழைய ஓட்டுக் கணக்கு வேற ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கு. எதை நம்பி எழுதறது?

பதில்: நாலு பெயரும் சரிதான், நாலுமே உங்க ஊர் சம்பந்தப்பட்டதுதான், குழப்பம் எங்க வருதுன்னா எல்லாரும் பேரைப் பிடிச்சுக்கிட்டு தேடறாங்க. ஊர்ல நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்போமே, இன்னிக்கு இருக்கற பத்திரத்துல ஆரம்பிச்சு மூலப்பத்திரம் வரைக்கும் பின்னாடியே போவோம்ல, அப்படித்தான் இதையும் பார்க்கணும். நிலத்தைப் பிடிங்க, பேர் தானா வரும்.

இப்ப நீங்க இருக்கறது ஓல்ட்ஸ்-டிட்ஸ்பரி-த்ரீ ஹில்ஸ். இது 1997 எலெக்ஷன்ல வந்த பேர். அதுக்கு முன்னாடி 1963லேர்ந்து 1997 வரைக்கும் ஓல்ட்ஸ்-டிட்ஸ்பரி, உங்க பொண்ணு எழுத வேண்டிய மெயின் கதையே இந்த 34 வருஷம்தான். அதுக்கும் முன்னாடி 1909லேர்ந்து ஓல்ட்ஸ் தனி, டிட்ஸ்பரி தனி, ரெண்டு தொகுதி ரெண்டு எம்எல்ஏ. இன்னும் பின்னாடி போனா 1905ல, மாகாணம் உருவான வருஷம், டிட்ஸ்பரி பக்கத்துக்கு ரோஸ்பட்னு பேர். அதுல ஜெயிச்சவர் கொர்னீலியஸ் ஹீபர்ட்னு ஒரு மென்னனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வியாபாரி, கன்சர்வேட்டிவ் கட்சி, 25 இடத்துல லிபரல்காரங்க கிட்டத்தட்ட மொத்தத்தையும் அள்ளின எலெக்ஷன்ல தப்பிச்சு ஜெயிச்ச ஓரிரு ஆள்ல ஒருத்தர். டிட்ஸ்பரின்னு மட்டும் போட்டு தேடினா இவரு வரவே மாட்டார், ஆனா மாகாணம் உருவானதுக்கு அப்புறம் அந்த மண்ணோட முதல் எம்எல்ஏ இவர்தான்.

ஓட்டுக் கணக்கு ஏன் இடத்துக்கு இடம் மாறுதுன்னு கேட்டீங்களே, அதுக்கு காரணம் பெரும்பாலும் ஒன்னுதான். 1926லேர்ந்து 1955 வரைக்கும் ஆல்பர்ட்டா கிராமத் தொகுதிகள்ல இப்ப இருக்கற மாதிரி ஒரு டிக் போடற ஓட்டு கிடையாது. வேட்பாளர்களுக்கு 1, 2, 3ன்னு வரிசை போடணும், யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா கடைசி ஆளை கழிச்சுட்டு அவரோட ஓட்டையெல்லாம் அடுத்த விருப்பத்துக்கு மாத்தி எண்ணுவாங்க. அதனால ஒரே எலெக்ஷனுக்கு முதல் சுற்று கணக்குன்னு ஒன்னு, கடைசி சுற்று கணக்குன்னு ஒன்னு இருக்கும், ஒரு சைட்டு முதல்ல உள்ளதை போட்டிருக்கும், இன்னொன்னு கடைசில உள்ளதை போட்டிருக்கும், ரெண்டுமே தப்பில்ல. பொண்ணோட டேபிள்ல முதல் சுற்றை மட்டும் எடுத்துக்க சொல்லுங்க, அப்பதான் 1959க்கு அப்புறம் வர்ற எலெக்ஷன்களோட பக்கத்துல வச்சு பார்க்க முடியும், அடியில மட்டும் எது எடுத்தோம்னு ஒரு வரி எழுதிடணும்.

இந்த முறையை ஏன் தூக்கினாங்கங்கறது தனிக் கதை. 1955ல ஆட்சியில இருந்த சோஷியல் கிரெடிட் கட்சி 61க்கு 37தான் ஜெயிச்சுது, எதிர்க்கட்சிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் ரெண்டாவது விருப்பம் போட்டதுல பல இடம் கையை விட்டுப் போச்சு. அடுத்த எலெக்ஷனுக்குள்ள முறையையே மாத்தினாங்க, 1959ல 65க்கு 61. மாத்தினதுதான் ஒரே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆளுங்கட்சி சும்மா மாத்தலன்னு புரியுது இல்ல.

இப்ப மெயின் தொகுதிக்கு வருவோம். சட்டசபையில 63 சீட்டா இருந்த 1963ல ஓல்ட்ஸையும் டிட்ஸ்பரியையும் சேர்த்து ஒன்னாக்கினாங்க. ஜெயிச்சவர் பாப் கிளார்க், சோஷியல் கிரெடிட், இவரு ஏற்கனவே 1960 இடைத்தேர்தல்ல 23 வயசுல டிட்ஸ்பரி எம்எல்ஏ ஆனவர், அப்புறம் கல்வி அமைச்சர். 1971ல பீட்டர் லாஹீடோட ப்ரோக்ரெசிவ் கன்சர்வேட்டிவ் கட்சி வந்து 36 வருஷ சோஷியல் கிரெடிட் ஆட்சியை கவுத்துச்சு, ஆனா கிளார்க் தொகுதியை விடல. 1975, 1979ல கட்சி மொத்தமா நாலே நாலு சீட்டுக்கு சுருங்கினப்பவும் அதுல ஒன்னு இவரோடது. அதாவது ஊர்க்காரங்க கட்சிக்கு போட்டதை விட இந்த ஆளுக்குத்தான் போட்டாங்கன்னு நான் நினைக்கறேன், ஏன்னா அடுத்து நடந்ததை பாருங்க.

இங்கதான் நிறைய பேர் சறுக்கறாங்க. பொதுத்தேர்தல் லிஸ்ட்டை மட்டும் பார்த்தா 1979ல சோஷியல் கிரெடிட், 1982ல கன்சர்வேட்டிவ், அவ்ளோதான், அமைதியா கை மாறின மாதிரி தெரியும். நடுவுல, 1982 பிப்ரவரி 17, ஒரு இடைத்தேர்தல் இருக்கு, இந்த தொகுதி பேரை கனடா முழுக்க தெரிய வச்சதே அதுதான். 1981 கடைசியில கிளார்க் ராஜினாமா பண்றார், காலியான சீட்டுல கார்டன் கெஸ்லர்னு ஒருத்தர், எண்ணெய் கம்பெனிகளுக்காக வேவு பார்க்கற ஆயில் ஸ்கவுட், ரோடியோ வீரர் வேற, வெஸ்டர்ன் கனடா கான்செப்ட்ங்கற கட்சி சார்புல சுமார் 42% வாங்கி ஜெயிக்கறார். மேற்கு கனடா பிரிஞ்சு தனி நாடா போகணும்னு சொன்ன கட்சி அது. சோஷியல் கிரெடிட் ரெண்டாவது, மாகாணத்தையே ஆண்டுட்டு இருந்த கன்சர்வேட்டிவ் மூணாவது!

ஏன்னா அந்த நேரத்து கோபம் அப்படி. 1980 மத்திய தேர்தல்ல பியர் ட்ரூடோவோட லிபரல் கட்சி ஒன்டாரியோவுக்கு மேற்க ரெண்டே சீட்டு (ரெண்டும் மானிடோபா) வச்சுக்கிட்டு ஆட்சிக்கு வந்துச்சு, அதே வருஷம் அக்டோபர் 28 பட்ஜெட்ல தேசிய எரிசக்தித் திட்டம்னு ஒன்னு கொண்டு வந்து எண்ணெய் விலைக்கும் வருமானத்துக்கும் டெல்லி மாதிரி ஒட்டாவா கை வச்சுது. வட்டி வேற ஏறிக்கிட்டே இருந்துச்சு. இதுல 1981 செப்டம்பர்ல லாஹீட் ட்ரூடோவோட ஒப்பந்தம் போட்டு ஷாம்பெயின் கிளாஸை தூக்கிக்காட்டின போட்டோ பேப்பர்ல வந்துச்சு, இங்க இருந்த ஆளுங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இடைத்தேர்தல்ல ஆட்சி மாறாது, தைரியமா ஒரு குத்து விடலாம்ங்கறதும் சேர்ந்துக்கிச்சு.

ஆனா அது நிக்கல. அதே வருஷம் நவம்பர் 2ல லாஹீட் பொதுத்தேர்தல் வச்சார், கெஸ்லர் இந்த தொகுதியை விட்டுட்டு ஹைவுட் தொகுதிக்குப் போய் தோத்தார், இங்க பிப்ரவரில மூணாவது வந்த ஸ்டீபன் ஸ்டைல்ஸே கன்சர்வேட்டிவ் சார்பா ஜெயிச்சார். அந்த பிரிவினைக் கட்சி மாகாணம் முழுக்க 11%க்கு மேல ஓட்டு வாங்கியும் ஒரு சீட் கூட இல்ல. அப்புறம் 1986, 1989, 1993 மூணுலயும் ராய் பிராசார்ட், கன்சர்வேட்டிவ், பெரிசா சொல்ல ஒன்னுமில்ல.

1997ல கிழக்க இருந்த த்ரீ ஹில்ஸ் பக்கத்தை சேர்த்து இப்ப இருக்கற தொகுதி ஆச்சு. அந்த த்ரீ ஹில்ஸ் பக்கமும் உங்க மண்ணோட வரலாறுதான், அங்க 1992 இடைத்தேர்தல்ல ஒரு லிபரல் ஜெயிச்சார்னு சொன்னா அந்த ஊர்க்காரங்களே நம்ப மாட்டாங்க, அதையும் விட்டுடாதீங்க. அப்புறம் 2012ல வைல்ட்ரோஸ் கட்சி சார்பா ப்ரூஸ் ரோ, 2014 டிசம்பர்ல அவரு கட்சி மாறி கன்சர்வேட்டிவுக்கு போனார், லிஸ்ட்டுல ஜெயிச்ச கட்சியா, இருந்த கட்சியான்னு ரெண்டும் எழுதணும். 2015லேர்ந்து 2025 வரைக்கும் நேதன் கூப்பர், பின்னாடி சபாநாயகர் ஆனவர்.

இன்னொரு பொறி, மத்திய நாடாளுமன்றத் தொகுதியை இதுல கலந்துடாதீங்க. வைல்ட் ரோஸ்னு ஒரு ஃபெடரல் தொகுதியும் இந்த ஏரியாவுல இருந்துச்சு, மேல சொன்ன வைல்ட்ரோஸ் கட்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, பசங்க கண்டிப்பா இதுல மாட்டுவாங்க.

எங்க எடுக்கறதுன்னா, எலெக்ஷன்ஸ் ஆல்பர்ட்டா சைட்ல பொதுத்தேர்தல் ரிசல்ட்டும் இடைத்தேர்தல் ரிசல்ட்டும் தனித்தனியா கிடக்கும், ரெண்டையும் திறக்கணும். எல்லை எப்ப எப்படி மாறுச்சுங்கறதுக்கு எல்லை நிர்ணய கமிஷனோட ரிப்போர்ட், அதுல மேப் இருக்கும். ஊர் மனநிலை தெரியணும்னா அந்த வாரத்து லோக்கல் பேப்பரைத் தேடுங்க, லைப்ரரில கேட்டா எடுத்துத் தருவாங்க.

பொண்ணு கண்டிப்பா 2025 ஜூன் 23 இடைத்தேர்தலை கெஸ்லரோட ஒப்பிட ஆசைப்படுவா, கூப்பர் வாஷிங்டனுக்கு ஆல்பர்ட்டா பிரதிநிதியா போனதால வந்தது அது. யுனைடெட் கன்சர்வேட்டிவ் கட்சியோட (வைல்ட்ரோஸும் பழைய கன்சர்வேட்டிவும் சேர்ந்து உருவான கட்சி) டாரா சாயர் சுமார் 61%, என்டிபி (நியூ டெமாக்ரடிக் பார்ட்டி) சுமார் 20%, தனி நாடு கேட்ட ரிபப்ளிகன் பார்ட்டி சுமார் 18%. ஒப்பிடட்டும், ஆனா "42% இருந்தது 18%ஆ குறைஞ்சுது"ன்னு ஒரே வரில எழுத விடாதீங்க. 1982ல இருந்த தொகுதியில த்ரீ ஹில்ஸ் பக்கமே கிடையாது. சரியா பண்ணணும்னா 2025ஓட பூத் வாரியான ரிசல்ட்டை எடுத்து, பழைய எல்லைக்குள்ள வர்ற பூத்துகளை மட்டும் கூட்டி தனியா ஒரு சதவீதம் போடணும். முன்கூட்டியே போட்ட ஓட்டுகளை சில சமயம் பூத்துக்கு பிரிக்க முடியாது, அந்த ஓட்டு எத்தனைன்னு பக்கத்துலயே எழுதிட்டா போதும்.