பெருங்கோப்பெண்டை எப்படி எழுதுவது? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊர் அழகன்குளம் பக்கம். சங்க காலப் பாண்டிய மன்னன் பூதப்பாண்டியன் இறந்ததும் சிதைத் தீயில் இறங்கிய அவன் தேவி பெருங்கோப்பெண்டைப் பற்றி ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். அவளை எங்கள் கடற்கரையில் பிறந்தவளாக வைத்திருக்கிறேன். ஆதாரம் இல்லாமல் அப்படிச் செய்யலாமா? இன்னொன்று. தோழி ஒருத்தி படித்துவிட்டு, "தீயில் இறங்கியவளை நாயகியாக்கினால் அந்த வழக்கத்தையே கும்பிடுற மாதிரி ஆகாதா?" என்று கேட்டாள். அதிலிருந்து எழுத்து ஓடவில்லை.

– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

முதல் கேள்விக்குச் சட்டென்று சொல்லிவிடலாம். தாராளமாகச் செய்யுங்கள். அவள் பிறந்த ஊர் எதுவென்று புறநானூறு சொல்லவில்லை. வைகை முகத்துவாரத்தில் 1986-க்குப் பிறகு தோண்டியெடுத்த ரோமக் காசும் மதுச்சாடி உடைசலும் கப்பல் படம் கீறிய பானை ஓடும் உங்கள் ஊருடையவை. அவற்றைக் கதைக்குள் கொண்டுவர உங்களைவிட உரிமை உள்ளவர் யார்? பூதப்பாண்டியன் வென்ற ஒல்லையூரைப் புதுக்கோட்டைப் பக்கத்து ஒலியமங்கலம் என்பார்கள். அதை மட்டும் கடற்கரைக்கு இழுத்து வந்துவிடாதீர்கள்.

உங்கள் அத்தியாயத்தில் அவள் சீமைக்கருவேலங்காட்டைத் தாண்டிப் போகிறாள், வீட்டில் மிளகாய் அரைக்கிறார்கள். இரண்டும் கடல் கடந்து மிகப் பிற்காலத்தில் வந்தவை. பனையும் புன்னையும் தாழையும் உடைமரமும் இருக்கட்டும். குழம்புக்கு மிளகும் புளியும் போதும்.

இனி உங்கள் தோழியின் கேள்வி. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ராஜஸ்தானில் தேவராலா என்ற ஊரில் ஓர் இளம்பெண் சிதையில் எரிந்தது 1987-இல். நம் காலத்தில் நடந்தது. அதன் பிறகு வந்த சட்டம் அந்தச் செயலைப் போற்றுவதையே குற்றமாக்கியது. ஆகவே, மாலை போட்டுக் கும்பிடும் நாவல் வேண்டவே வேண்டாம். ஆனால் அவளை எழுதாமல் விடவும் வேண்டாம்.

புறநானூற்றின் 246-ஆம் பாட்டு அவளே பாடியது. அதை மறுபடி நிதானமாகப் படியுங்கள். 'பல் சான்றீரே' என்று தன்னைத் தடுக்கும் பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிறாள், அவர்கள் செய்வது பொல்லாச் சூழ்ச்சி என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அப்புறம் தீயைப் பற்றியா பேசுகிறாள்? இல்லை, சாப்பாட்டைப் பற்றி! நெய் படாமல் கையால் பிழிந்தெடுத்த சோறு, வெள்ளை எள் துவையல், புளி ஊற்றி வேகவைத்த வேளைக்கீரை. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக்கல் மேல் படுக்கை. கைம்பெண் வாழ்க்கையை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல அவளுக்கு எப்படித் தெரிந்தது? அரண்மனைக்குள்ளேயே அப்படி வாழ்ந்த பெண்களை அவள் பார்த்திருக்க வேண்டும், அந்தச் சோற்றை யாரோ பிழிவதைப் பக்கத்தில் நின்று கண்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். பாட்டின் கடைசியில்தான் தாமரைப் பொய்கையும் தீயும் எனக்கு ஒன்றே என்கிறாள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த வரியை. உங்கள் நாவல் இருப்பது கீரையிலும் பருக்கைக்கல்லிலும்.

அடுத்த பாட்டு, 247, மதுரைப் பேராலவாயர் பாடியது. அதில் வேறொரு பெண் தெரிகிறாள். நனைந்த கூந்தல் முதுகில் தொங்க, துயரம் நிறைந்த கண்களோடு, சுடுகாட்டைப் பார்த்துக் கலங்கி நிற்கிறாள். காவல் மிகுந்த, முழவு ஓயாத அரண்மனையில் கொஞ்ச நேரம் தனியாக இருக்க நேர்ந்தாலே உயிர் நடுங்கியவள் என்கிறார் புலவர். சின்ன வயது. சான்றோரைக் கூசாமல் எதிர்த்தவளும் இவள்தான். இந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தினி வழிபாடோ, பரிதாபமோதான் மிஞ்சும். தனிமைக்கு அத்தனை பயந்தவள் கைம்பெண்ணின் தனிமையை எப்படிப் பார்த்திருப்பாள்? நாவல் பதில் தேட வேண்டிய கேள்வி இது.

பூதப்பாண்டியன் சபதம் செய்யும் வஞ்சினப் பாட்டும் (புறம் 71) உங்களுக்கு உதவும். பகைவரை ஓடவைக்காவிட்டால் இவளைப் பிரிவேனாக என்கிறான், அப்படியே நண்பர்களின் பெயரையும் அடுக்குகிறான்: மாவன், ஆந்தை, அந்துவன் சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன். அவன் இறந்த பிறகு அவளைத் தடுக்கும் சான்றோர் கூட்டத்தில் இவர்களில் இரண்டு பேரையாவது நிறுத்துங்கள். பாட்டில் அப்படி இல்லை, கதையில் இருக்கலாம். அவளை நேசித்தவர்களே தடுக்கிறார்கள். தடுக்கிறவர்களிடம் அவள் வாழ இடம் கொடுக்கும் ஒரு திட்டமும் இல்லை. அங்கேதான் உங்கள் தோழிக்கான பதில் இருக்கிறது. குற்றம் அவள் மேல் இல்லை, அந்தச் சோற்றைப் பிழிந்து வைத்த ஊரின் மேல்.

இன்னொரு பெண்ணையும் சேருங்கள். உங்கள் கரையில் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள், தாய்வீட்டிலிருந்து அரசியோடு வந்தவள். அவள் அந்தக் கீரையைத் தின்று உயிரோடு இருக்கிறாள். முந்தின இரவில் இருவரும் பேசட்டும். "இருந்துவிடு" என்று அவள் சொல்லட்டும், காரணங்களோடு சொல்லட்டும். வாதத்தில் அரசியை எளிதாக ஜெயிக்கவிடாதீர்கள்.

மற்றதெல்லாம் அப்புறம். அந்த அத்தியாயத்தை முதலில் எழுதி அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா