அமெரிக்க வீரர் ஆஸ்டன் மேத்யூஸ் 18 வயதில் ஏன் சுவிட்சர்லாந்து போய் ஐஸ் ஹாக்கி ஆடினார்?

இரண்டு நாள் தள்ளிப் பிறந்ததுதான் காரணம். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2015-ஆம் ஆண்டு டிராஃப்டில் இடம்பெற செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்ப வேண்டும். மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. சரி, ஒரு வருடம் என்ன செய்வது? இந்த வயதுப் பையன்கள் வழக்கமாகக் கனடாவின் ஜூனியர் லீக்குக்கோ அமெரிக்கக் கல்லூரி அணிக்கோ போவார்கள். அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்த இவரோ சூரிச்சின் இசட்எஸ்சி லயன்ஸ் அணியில் சேர்ந்தார். என்னைக் கேட்டால் கெட்டிக்கார முடிவு. மோதுவது சம்பளத்துக்கு ஆடும் பெரிய ஆட்களோடு. பயிற்சியாளரோ 1996-இல் என்ஹெச்எல்லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற மார்க் கிராஃபோர்ட். 36 ஆட்டங்களில் 24 கோல் அடித்தார்.

2016 டிராஃப்டில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபர் 12, ஒட்டாவாவுக்கு எதிராக அறிமுகம். நான்கு கோல்! நவீன என்ஹெச்எல்லில் முதல் ஆட்டத்திலேயே அப்படி அடித்தவர் அதற்கு முன் இல்லை. அதிலும் இரண்டாவது கோல் தனி ரகம்: எதிரணி ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்குள் புகுந்து, எரிக் கார்ல்சன் போன்ற பெரிய தடுப்பாட்டக்காரரிடமே பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) பறித்து அடித்தது. ஆனால் ஆட்டத்தில் தோல்விதான், கூடுதல் நேரத்தில் 5-4. அந்தக் கடைசி கோலை அடித்தவரைக் கவனிக்க வேண்டியது தான்தான் என்று மேத்யூஸே ஒப்புக்கொண்டார். அப்புறம், சீசன் முடிவில் 40 கோல். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும் அவருக்கே.